செங்கல் சூடு

குழந்தையின் தலை தெரிந்ததும், பிரசவம் பார்க்க வந்த மிசி, "முக்காதம்மா, வாயத் தொறந்து மூச்சு விடு" என்றார். மாமியார், "முக்குடி! பள்ளிக்கூடத்துல இதச் சொல்லித் தரலியா?" என்று கத்தினாள். மாமியார் சொன்னபடி முக்கினேன். மலவாய் வரை கிழிந்தது.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம்; மரத்துப்போக ஊசி கிடைக்காது. மிசி கொதிக்கவைத்த நூலால் அப்படியே தைத்தார். "தையல் விட்டுச்சுன்னா வெளிக்கு வர்றத ஆயுசுக்கும் அடக்க முடியாது" என்று என் காதருகே சொன்னார். அவருடைய சைக்கிளையும் ஜப்பான்காரர்கள் பறித்துவிட்டார்கள். புக்கிட் பாருவிலிருந்து எங்கள் காஜா பெராங்குக்குத் தினமும் நடந்துவர முடியாதென்று, செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்துப் போனார்.

பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையோடு நிறுத்தி வாசித்தேன். பத்து நாள் காலைச் சேர்த்துப் படுத்திருக்க வேண்டும். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் கழுவ வேண்டும். சூடு வைக்கவே கூடாது.

"பத்து நாளு படுக்கணும்னு தாள்ல இருக்கா, ஒன் வாயில இருக்கா?"

"எழுதியிருக்கிறதத்தான் படிச்சேன் அத்தை."

"அப்ப மரவள்ளிக் கெழங்க யாரு புடுங்குறது? நல்லாப் படிச்ச, போ!"

நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. அதைச் சரிபார்க்கத்தான் அந்த வீட்டில் யாருமில்லை.

நான்காம் நாள் மாமியார் செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி வைத்தாள். "ஒக்காரு, புண்ணு சுருக்கா வத்திடும்." மாட்டேன் என்றேன். அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, அதன்மேல் உட்கார வைத்தார்கள். தையல் பிரிந்தது. அன்று சாயந்தரமே காய்ச்சல்.

இரண்டு நாள் கழித்து வந்த மிசி துணியை விலக்கிப் பார்த்தார். "யாரு பண்ணுன வேல இது?"

"தாள்ல இருந்தது நெசம்னு எனக்கு எப்புடித் தெரியும் மிசி?"

"படிச்ச மருமக வாசிச்சாளே, காது இல்லியா? சீழ் புடிச்சிருக்கு, இனிமே தைக்க முடியாது. உள்ளருந்து தானா ஆறணும். காலையிலயும் சாயந்தரமும் நீங்கதான் கழுவணும். இப்பவே ஆரம்பிங்க, நான் பாக்குறேன்."

மாமியார் கழுவினாள். ஒரு மாதம் கழுவினாள். முதல் இரண்டு வாரம் துணியிலேயே போனேன். அதையும் அவளே அலசினாள். பிறகு மெல்ல அடக்க முடிந்தது.

ஒரு நாள் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், "இன்னும் எரியுதாடி?" என்றாள்.

எரிச்சல் நின்று நாலு நாளாகியிருந்தது.

"எரியுது" என்றேன்.