நாகலூர் பஸ்ஸில் நான் கத்திய காலை

எண்பதுகளில், நாகலூரிலிருந்து ஏற்காட்டுப் பள்ளிக்கு மகளைத் தினமும் பஸ்ஸில் கூட்டிப்போவேன். திரும்பி வந்து எஸ்டேட் வேலை. வீட்டில் கைக்குழந்தை வேறு. ஒருநாள் மகள், பக்கத்திலிருந்த ஏற்காட்டுக் கடைக்காரம்மாவின் புடவையில் வாந்தி எடுத்துவிட்டாள்.

"வளத்தத் தெரியலீன்னா எதுக்குடி பெத்தே?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"என்னால முடியலீங்க! நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க!" என்று நானும் கத்தினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எல்லோரும் முறைத்தார்கள்.

ஏற்காட்டில் இறங்கியதும் அந்தம்மா மகளின் கையைப் பிடித்தார். "பள்ளிக்கூடத்துல நான் உடறேன். நீ ஊட்டுக்குப் போயித் தூங்கு," என்றார், அதே கடுகடுப்போடு.

பிறகும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. முடியலை என்று கணவரிடம், மாமியாரிடம், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.