நாற்பதாவது பெயர்

எங்கள் ஊரில் அப்போது மனிதர்களை எண்ணும் வழக்கம் கிடையாது. தலைக்கட்டைத்தான் எண்ணுவார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. அவன் வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டாலும் ஒன்று, இரண்டு பேர் சாப்பிட்டாலும் ஒன்று. திருவிழா வரி, கண்மாய் மராமத்து, கிடா வெட்டினால் கறிப்பங்கு எல்லாமே தலைக்கட்டை வைத்துத்தான். சின்னவளாக இருந்தபோது ஒருநாள் ஆத்தாவிடம், "நாம எத்தன தலைக்கட்டு?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெற்றவளைத்தான் ஆத்தா என்போம். "நாம தலைக்கட்டே இல்லடி. அது ஒங்கப்பாவோட போச்சு" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். எங்களுக்கும் தனி அடுப்புதான், நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் அது கணக்கில் வராத அடுப்பு.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகி ஏழெட்டு வருஷம் இருக்கும். ஊரில் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பையன்கள் அங்கே திருக்கோகர்ணத்தில் அறை எடுத்து, தாங்களே பொங்கித் தின்று படித்தார்கள். பெண்களுக்கு எட்டாவதுக்கு மேல் இருந்த ஒரே பாடம் வறட்டி தட்டுவது. நான் அந்த வருஷம் எட்டாவதில் முதலாவதாகத் தேறியிருந்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

அந்தக் கோடையில் எங்கள் ஊர் அம்பலக்காரர், ஊருக்கெல்லாம் தலைவர், ரோட்டோரம் இருந்த தன் கடலைக்காட்டை உயர்நிலைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். ஊரே வாயைப் பிளந்தது. அவர் கைப்பிடி எருவைக்கூடச் சும்மா கொடுத்தவரில்லை. ஏன் கொடுத்தார் என்று கடைசிவரை யாருக்கும் அவர் சொல்லவில்லை, கேட்டால் "மண்ணு சும்மாதான கெடக்கு" என்பார். கடலை விளைகிற மண் எப்படிச் சும்மா கிடக்கும்? அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம் தீரவில்லை.

கல்வி அதிகாரி ஜீப்பில் வந்து இடத்தைப் பார்த்தார். ஜூன் மாதத்துக்குள் சுவரும் கூரையுமாக இரண்டு அறை நிற்க வேண்டும். நின்றால் ஒன்பதாம் வகுப்பு ஒன்று, நாற்பது பிள்ளைகளோடு தொடங்கலாம். நிற்காவிட்டால் அனுமதி பக்கத்து ஊருக்குப் போய்விடும். இதைச் சொல்லிவிட்டு இளநீர் குடித்து, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ஊருணிக் கரையில் கூட்டம் போட்டார்கள். வாசல் கிழக்கே பார்ப்பதா வடக்கே பார்ப்பதா என்று பாதிப்பொழுது சண்டை. மீதிப்பொழுதில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு வண்டி செம்புராங்கல் கொண்டுவந்து போட வேண்டும். கல் போட்ட தலைக்கட்டின் பிள்ளைக்கு வகுப்பில் முதலில் இடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், வெயிலில்லாத நேரத்திலும் குடையோடு திரிகிறவர். அவர் பட்டியல் கேட்டதும், கைக்கு அகப்பட்ட ஒரே பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது கோயில் திருவிழாப் பட்டியல்.

பள்ளிக்கூடத்துக்குக் கோயில் பட்டியலை வைத்துக்கொண்டது எங்கள் ஊர் செய்த தப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஊர் என்றால் அந்தப் பட்டியல்தான் என்று அவர்கள் நிஜமாகவே நினைத்தார்கள். ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு பெயராக வாசித்து, எதிரே அந்த வீட்டில் எட்டாவது முடித்த பிள்ளையின் பெயரை எழுதினார். செத்து மூன்று வருஷமான ஒருவர் அதில் இன்னும் தலைக்கட்டாக இருந்தார். உயிரோடு நின்றுகொண்டிருந்த என் ஆத்தா இல்லை.

"அந்த வீட்ட விட்டுருங்கப்பா. தனியா கெடக்குற பொம்பள, அதுகிட்டப் போயி கல்லு கேக்குறதா? பாவம்" என்றார் அம்பலக்காரர். மனசார இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

ஆத்தா பெண்கள் கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னே வந்தாள். "பாவமெல்லாம் பாக்க வேணாம்ண்ணே. கல்லு போட்டாத்தான எடம்? என்னய விட்டுட்டா எம் பிள்ளைக்கி எடம் எங்கிட்டு இருக்கு?"

"ஒனக்கு வண்டிமாடு ஏதுத்தா?"

"மாடு இல்லாட்டி என்ன? தலை இருக்குல்ல."

யாரோ சிரித்தார்கள். ஆத்தா சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் முடியும்வரை சிரிக்கவில்லை. அம்பலக்காரர் தலையை ஆட்டினார். ஹெட்மாஸ்டர் பட்டியலின் அடியில் எங்கள் வீட்டை எழுதி, எதிரே என் பெயரை எழுதினார். நான்தான் நாற்பதாவது. எனக்குப் பிறகு அவர் ஒரு கோடு இழுத்தார்.

கல் வெட்டுகிற குழி ஊரிலிருந்து ஒரு மைலுக்குக் குறையாது. செம்புராங்கல் மண்ணுக்குள் இருக்கும்வரை ஈரமாக இருக்கும், கோடாலிக்கு இணங்கும். வெட்டி வெளியே போட்டு வெயிலும் காற்றும் பட்டால் இறுகிப் பாறையாகிவிடும். வண்டிக்கு இருபது கல். ஆத்தா அந்த இருபதையும் தலையில் சும்மாடு வைத்து, ஒவ்வொன்றாகச் சுமந்தாள். நாளைக்கு நாலு நடைதான் முடிந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு கூடவே நடப்பேன். கல்லைத் தூக்கி வைத்ததும் அவள் கழுத்து நரம்பு புடைக்கும், அப்புறம் கடலைக்காடு வரும்வரை பேச்சே இருக்காது. மாட்டுவண்டிகள் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். "ஏத்தி விடட்டா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். கையை ஆட்டி, போ போ என்று விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயத்தோடு பெருமையும் கலந்திருந்தது என்பதுதான் சரி.

குழியில் கல் வெட்டியவர்கள் கண்மாய்க்கு அங்கிட்டுக் குடியிருந்தவர்கள். அவர்களையும் எந்தப் பட்டியலிலும் எழுதுவதில்லை, கோயிலுக்கு அவர்களிடம் வரி வாங்குவதில்லை, உள்ளே விட்டால்தானே வாங்க. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் அவர்கள் வெட்டுக்கூலி வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களில் மூத்த ஒருவர் இரண்டாம் நாள் ஆத்தாவுக்கு மட்டும் கல்லைக் கொஞ்சம் சிறிதாக வெட்டினார். ஆத்தா கண்டுபிடித்துவிட்டாள். "என்னப்பா அளவு கொறையுது? வண்டிக்காரனுக்கு எது அளவோ அதான் எனக்கும்" என்று பிடித்துக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டுப் பெரிய கல்லை எடுத்துத் தலையில் ஏற்றிவிட்டார்.

அவருடைய மகள் குழிமேட்டில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் என் வகுப்புதான். சுவரோரம், கடைசி வரிசையில் உட்காருவாள். அந்தப் பக்கத்திலிருந்து எட்டாவது தேறிய ஒரே பிள்ளை. எட்டு வருஷத்தில் நான் அவளிடம் பேசியது நாலு வார்த்தை இருந்தால் அதிகம். அந்த நாலு நாளும் பேசவில்லை. என் இடம், என் கல், என் ஆத்தா என்பதைத் தவிர என் மண்டையில் அப்போது வேறு எதுவும் கிடையாது.

நாலாம் நாள், பதினாறாவது கல். ஆத்தா தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது அந்த மனிதர் கேட்டார்.

"தாயி, அந்தக் கட்டடத்துல நாங்க வெட்டாத கல்லு ஒன்னு இருந்தா காட்டுங்க. எம் பிள்ளயும் எட்டாவது பாஸுதான். அதுக்கு எந்த லிஸ்டுல பேரு இருக்கு?"

ஆத்தா நின்றாள். தலையில் ஏற்றிய கல்லை வழியில் ஒருநாளும் இறக்காதவள், அன்று இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்பலக்காரருகிட்டயே கேளு. நாளைக்கிக் கூட்டம் இருக்கு. இதே மாதிரிக் கேளு" என்றாள். பிறகு கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்து இடத்திலேயே நடந்தது. சுவர் நிலைப்படி உயரத்துக்கு வந்திருந்தது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு வெளியே நின்றபடி, ஆத்தாவிடம் கேட்டதை ஒரு சொல் மாறாமல் கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால் அப்படி நின்று கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை, இன்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் அவர்கள் வெட்டாத கல் இல்லை.

"கேக்குறது நாயந்தான். ஆனா நாப்பது முடிஞ்சு போச்சே. அடுத்த வருசம் பாப்போம்ப்பா" என்றார் அம்பலக்காரர். ஹெட்மாஸ்டரும், நாற்பத்தொன்று என்று எழுதினால் அதிகாரி அனுமதியையே ரத்து செய்துவிடுவார் என்று பயந்தார். "ஒரு வருஷம் பொறுத்துக்கறவா யாராவது இருக்கேளா?" என்று கூட்டத்தைக் கேட்டார். எல்லாரும் தரையில் எதையோ தொலைத்துவிட்டது போலக் குனிந்துகொண்டார்கள்.

ஆத்தா எழுந்தாள். "நாப்பதாவது பேர அடிங்க."

"அது உங்க பொண்ணும்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தெரியும். நாந்தான எழுதச் சொன்னேன்."

அவர் பேனாவை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எடுத்தார். என் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஆத்தாவை அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. நான் முதலாவதாகத் தேறியவள், என் ஆத்தா கழுத்து ஒடியக் கல் சுமந்தவள், என் இடத்தை என்னைக் கேட்காமல் தூக்கிக் கொடுக்க அவள் யார்? வீட்டுக்கு வந்து பேசவில்லை. இரண்டு வேளை பட்டினி கிடந்தேன். மூன்றாம் வேளை கட்டுமாவடிக் கருவாட்டுக் குழம்பு, சாப்பிட்டுவிட்டேன். பேச்சு மட்டும் இல்லை.

கூட்டத்துக்கு மறுநாள் விடிந்ததும் ஆத்தா சும்மாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்னும் நாலு கல் பாக்கி இருந்தது. எனக்கு வாய் பொறுக்கவில்லை. "இனி என்னத்துக்குச் சொமக்குற? எனக்குத்தான் எடமில்லையே" என்று கத்தினேன். "வண்டிக்கி இருவதுன்னு ஒத்துக்கிட்டேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் செம்போடு கூடப் போகவில்லை. வீட்டு வாசலிலிருந்து அவள் நாலு தடவை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒன்று தெரிந்தது, இந்தப் பொம்பளையைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

அதிகாரி வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் வரமாட்டேன் என்றேன், ஆத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முப்பத்தொன்பது பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் நிலைப்படியில் நின்றாள். எங்கே உட்காருவதென்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்திருப்பாள், அத்தனை வருஷமும் அப்படித்தானே. "எங்க வேணாலும் உட்காரும்மா" என்றார் ஹெட்மாஸ்டர். அவள் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு தகப்பனார் தன் மகனை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற அம்பலக்காரர் அவரைத் தடுக்கவில்லை. "போறதுன்னா போ. நீ போட்ட கல்லயும் பேத்து எடுத்துட்டுப் போ, அதையும் அவுகதான் வெட்டுனாக" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதேன். "எம் பேர ஏன் அடிக்கச் சொன்ன? வேற யாரு பேரயாச்சும் அடிக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

ஆத்தா நடந்துகொண்டேதான் சொன்னாள். "மத்தவுக பிள்ள பேர அடிக்கச் சொல்ல நான் யாரு? ஒன்ன அடுத்த வருசம் சேத்துக்குவாக. அந்தப் பிள்ளய இந்த வருசம் விட்டா, எந்த வருசமும் சேக்க மாட்டாகடி."

அடுத்த ஜூனில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆத்தா ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.