தும்மிய பீரோவும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

லிஃப்ட் பழுது பார்ப்பவளுக்கு லிஃப்டில் ஏறும் யோகமே கிடையாது. ஓடாத லிஃப்டுக்குத்தானே கூப்பிடுவார்கள்? பதினெட்டு வருஷமாகப் படியேறிப் படியேறி அவள் கால்கள் இரும்பாகிவிட்டன. பொறுமைதான் வளரவில்லை. இதுவரை ஓடிய இரண்டு மாரத்தானிலும் விசில் ஊதியதும் பிய்த்துக்கொண்டு ஓடினாள். இரண்டு தடவையும் முப்பதாவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்து ஆம்புலன்ஸில் வீடு வந்தாள்.

"மூணாவது தடவையும் இப்படி வந்தே, ஷூவைப் பரண்ல ஏத்திடுவேன்," என்றார் கணவர். சொன்னால் செய்கிற மனுஷர்.

நீளமாக ஓடும் நாட்களில், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும் என்பது பயிற்சியாளரின் கட்டளை. அவளுக்கோ, நாயோடு நடப்பவர் முந்தினால்கூட ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அதனால் கணவரின் தங்கையைச் சைக்கிளில் கூட வரச் சொன்னாள். நாத்தனார் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடமே பேசிப் பேசிப் பதிலுக்கு ஏங்கிப்போனவள். முழு வாக்கியமாகப் பதில் வராவிட்டால் சைக்கிள் மணியை அடிப்பாள்.

"என்ன அண்ணி, வெறும் 'ம்'தானா?" க்ளிங்!

"மூச்சு... வாங்குது..."

"அப்ப மெதுவா வாங்க."

"ஏய், ஆமை முந்துதுடி!"

"போகட்டும். அதுக்கு வீட்ல என்ன அவசரமோ!"

அந்த ஆமை திரும்பிப் பார்த்துச் சிரித்தது என்று அவள் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள்.

பந்தயத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. நாத்தனார் மணியை மட்டும் கழற்றி அவள் கையில் திணித்தாள். விசில் ஊதியதும் கூட்டம் பறந்தது. கால் பரபரவென்றது. பக்கத்தில் மெல்ல ஓடிய குண்டு குமாஸ்தாவிடம் மணியை நீட்டினாள். "நான் பேச்சை நிறுத்தினா அடிங்க சார். ஒருநாள் ஏழாவது மாடிக்குப் போற லிஃப்ட்ல பீரோ ஒண்ணு சிக்கிக்கிச்சு. போய்ப் பார்க்கிறேன், பீரோ தும்முது!"

"தும்முதா?"

கதை கேட்க நாலு பேர் சேர்ந்தார்கள், பத்தானார்கள், இருபதாவது கிலோமீட்டரில் நாற்பது பேர். முன்னே பறந்தவர்களெல்லாம் ஓரமாக உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பதில் அவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது, கால் எகிறியது, வாக்கியம் பாதியில் அறுந்தது.

க்ளிங்! "மெதுவாம்மா! பீரோவைத் திறந்தீங்களா இல்லையா?" என்று கத்தினார் குமாஸ்தா.

வேகம் குறைந்தது. வாக்கியம் முழுசானது. நாற்பத்தொன்றில் கதையில் பீரோவின் பூட்டு உடைந்தது.

"உள்ள ஒரு ஆளு! பீரோவைத் தூக்கறப்ப தட்டு சரியாம பிடிச்சுக்கிறேன்னு உள்ள ஏறி மாட்டிக்கிட்டவரு!"

"யாருங்க அது?" நாற்பது குரல்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் கையை நீட்டினாள். "தோ, ஆம்புலன்ஸ் பக்கத்துல நிக்கிறாரே, அவர்தான். அப்புறம் நான் கட்டிக்கிட்டேன்!"

நாற்பது பேரும் கணவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "உள்ள எப்படி சார் இருந்துச்சு?"

"ம்..." என்றார் அவர், முகம் சிவந்து.

க்ளிங்!