வாசல் என்ற ஃபோல்டர்

அம்மாவின் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே நான் அவளுடைய போனைக் கையில் எடுத்தேன். முகப்பேர் ஃபிளாட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, அவள் தினமும் பேசுகிற பேச்சையெல்லாம் துண்டு துண்டாகப் பதிவு செய்தோம். "சாப்ட்டியா?" "கேஸ் தீந்துபோச்சு." "வலிக்குது, மெதுவா." அம்மா அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள், யாரையாவது திட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. 'திட்டு' என்று தனியாக ஒரு ஃபோல்டர் வேண்டும் என்று அவளே கேட்டாள். ஆஸ்பத்திரி, சமையல், திட்டு, வாசல் என்று ஃபோல்டர்கள், அவற்றுக்குள் இன்னும் ஃபோல்டர்கள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்பதால் பெயரெல்லாம் தமிழிலேயே அடித்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் போன்தான் அவள் வாய். காய்கறிக்காரரிடம் நீட்டி, "மனசாட்சியே இல்லியா உனக்கு?" என்று அழுத்துவாள். அவர் சிரித்துக்கொண்டே கூடக் கொஞ்சம் கொத்தமல்லி போடுவார்.

இந்த வருஷம் போன் அடிக்கடி நின்றுபோனது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் அண்ணன் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கி வந்தான்.

"ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் இன்னாத்துக்கு? ஒரு வார்த்தை பேச நாலு தடவ தொடணும். எல்லாத்தையும் ஒரே எடத்துக்கு நகத்திடறேன். ஒரே கமாண்டு."

ஒவ்வொன்றாகச் செய்யலாம், நானும் உட்காருகிறேன் என்றேன். கேட்கவில்லை. ஆபீஸில் ஃபைல்களை நகர்த்திப் பெயரையும் சீராக்க வழக்கமாகப் போடுகிற கமாண்டு வரியையே லேப்டாப்பில் போட்டான்.

அந்த வரிக்கு இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும்தான் எழுத்து. மற்றதெல்லாம் குப்பை. பெயரில் அப்படி இருப்பதை மொத்தமாகப் பெருக்கித் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு சின்னக் கோடு போடும். எங்கள் ஃபைல்களின் பெயர் முழுக்கத் தமிழ் என்பதால் எல்லாமே வெறும் கோடாகிவிட்டன. அதே பெயரில் அடுத்தது வந்தால், முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அங்கே உட்காரும்; யாரையும் கேட்காது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது.

"காப்பி வெச்சுட்டுத்தானே பண்ணே?" என்று கேட்டேன்.

லேப்டாப்பில் இருந்ததைத் தவிர வேறு காப்பி இல்லை. பழைய போனைக் கடைக்காரர் அவன் கண்ணெதிரிலேயே சுத்தமாக அழித்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர்களைப் போட்டுப் பார்த்தான். மீண்டு வந்த ஒன்றிரண்டு ஃபைலும் ஓடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லேப்டாப்பை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். சொந்த பாஷையைக் குப்பையென்று கூட்டித் தள்ளுகிற வரியை இத்தனை வருஷமாக ஓட்டியிருக்கிறான், ஒரு நாளும் உறுத்தவில்லை. முகத்துக்கு நேராகவே சொன்னேன். எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான்.

மிஞ்சியதைப் புதுப் போனில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் 'திட்டு' ஃபோல்டரைத் தேடினாள். பிறகு இருந்த ஒன்றைத் தொட்டாள். அகரவரிசையில் கடைசியாக வந்த 'வாசல்' ஃபோல்டரில் இருந்தது அது. பெல் அடிக்கிறவர்களுக்காகப் பேசி வைத்தது.

"யாரு? இரு, வந்துகினே கீறேன்."

ரூமுக்குள் அண்ணன் அழுவது கேட்டது. அம்மா போய்க் கதவைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஃபைல் வைத்திருந்தோம், அதுவும் போய்விட்டது. கதவில் கை வைத்தாள். பிறகு போனைக் கதவோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினாள்.

"யாரு? இரு, வந்துகினே கீறேன்."

உள்ளே அழுகை பெரிதானது. அம்மா மறுபடியும் அழுத்தினாள்.