வெட்ட இடமில்லாத படம்

தலையில் மஞ்சள் வாத்துப் பொம்மையைக் கட்டிக்கொண்டு, யோங்நிம் அன்று நான்காவது குழந்தைக்கு முன்னால் 'குவாக் குவாக்' என்றாள். முழங்கால் வலித்தது. கொரியாவின் சாங்ஜு ஊரில் எடுக்கும் முதல் பிறந்தநாள் படங்களில் பாதிக்கு மேல் அவள் ஸ்டூடியோவில்தான் எடுக்கப்படும். குழந்தைகளை அவளால் சமாளிக்க முடியும். கூட வரும் பெரியவர்கள்தான் அவளைக் களைக்க வைத்தார்கள்.

மாங் கிழவர் பேரனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். பட்டு உடையில் கியுவோன் வீறிட்டு அழுதான். அவனுடைய அம்மா லோவான், வியட்நாமிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள், படத்துக்காக நின்ற குடும்ப வரிசையின் ஓரத்தில் நின்றாள். கிழவர்தான் அங்கே நிறுத்தியிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஒட்டிக்கிட்டு நிக்காத."

ஏன் என்று யோங்நிம் கேட்கவில்லை. நம்பிக்கை வராத மருமகளை ஓரத்தில் நிறுத்துவார்கள். நாளைக்கு அவள் வீட்டை விட்டுப் போய்விட்டால் படத்திலிருந்து கத்திரித்துவிடலாம். அப்படி வெட்டித் தரச் சொல்லி யோங்நிமிடமே வந்திருக்கிறார்கள். வெட்டப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரு ஆணை வெட்டச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

"லோவான், நீ என் பக்கத்துல வந்து கிலுகிலுப்பைய ஆட்டு," என்றாள் யோங்நிம். அழும் குழந்தைக்கு அவள் எப்போதும் செய்வதுதான்.

அம்மா கேமராவுக்குப் பின்னால் வந்ததும் கியுவோன் அழுகையை நிறுத்திப் பல் தெரியச் சிரித்தான்.

"ஆங், இதுதான் சரி!" கிழவர் மலர்ந்தார். "எடும்மா, எடு. அவ அங்கயே இருக்கட்டும்."

பொத்தான் மேல் விரல் இருந்தது. லோவான் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்; உதட்டில் சிரிப்பு, கண்ணில் நீர். யோங்நிம் விரலை எடுத்தாள்.

"படம் சரியா வராதுங்க ஐயா." நாற்காலி ஒன்றை இழுத்து நடுவில் போட்டாள். "லோவான், இங்க உக்காரு. பிள்ளைய வாங்கிக்க."

"நடுவுலயா? வீட்டுப் பெரியவன் நான் எங்க போறது?"

"பக்கத்துல நில்லுங்க. உங்க மடியில அவன் கத்துறான், நான் என்ன பண்ண? எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு." பிறகு, வரிசையில் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்ற லோவானின் கணவனிடம் திரும்பினாள். "டோங்ஹா, உன் பொண்டாட்டி பின்னால வந்து நில்லுப்பா. காசு கொடுத்தது உன் காலணியப் படம் பிடிக்கவா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மெல்ல வந்து நின்றான். லோவான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் சின்னக் கை அவள் கழுத்தைச் சுற்றியது. 'குவாக்!' வெளிச்சம் பளிச்சிட்டது.

"சரி, இப்ப அவள ஓரத்துல நிக்கவெச்சு இன்னொண்ணு எடு," என்றார் கிழவர்.

"பாருங்க, பையன் தூங்கிட்டான்."

அது உண்மைதான். அழுது களைத்தவன் அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டிருந்தான்.

கிழவர் படம் தெரிந்த திரையருகே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தின் மேல் விரலை நிமிர்த்தி வைத்து நகர்த்திப் பார்த்தார். ஒரு பக்கம் பேரனின் கை போயிற்று, மறுபக்கம் தலை.

"எங்கயும் வெட்ட இடமே விடலயேம்மா நீ."

"ஆமாங்க, இல்ல."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"படத்துல பேரன் நல்லாத்தான் விழுந்திருக்கான்," என்று முணுமுணுத்தார். "பெருசாவே போடு."

யோங்நிம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். வாசலில் ஐந்தாவது குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. சரிந்திருந்த வாத்தை நிமிர்த்திக் கட்டினாள்.