வீட்டுக்கு ஒரு டம்ளர்

பனைவெல்லத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அம்மிக் குழவியால் உடைப்பது சனிக்கிழமைகளில் அக்னஸின் வேலை. கல்லாக இறுகிய வெல்லம் மூன்றாவது அடியில்தான் வழிக்கு வரும். சத்தம் கேட்டதும் அவள் கணவர் டோமினிக் சமையலறைக்கு வந்துவிடுவார். இருப்பதில் பெரிய துண்டாக எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, "இது மருந்து, அக்னசு" என்பார். மருந்தை இவ்வளவு ஆசையாகத் தின்கிற மனிதரை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

டோமினிக் 1993 முதல் திண்டிவனத்தில் வீடு வீடாக மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர். தொண்ணூற்றாறாம் வருஷத் தவக்காலத்தில், ஈஸ்டர்வரை வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். முந்தைய வருஷம் பீடியை விட்டு, ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுவரைகூடத் தாங்காதவர், இந்த முறை தாங்கிவிட்டார். ஈஸ்டர் காலையில் அக்னஸ் சர்க்கரை போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்து, "ஒரே தித்திப்பு" என்று தள்ளிவைத்தார். அதோடு நின்றிருந்தால் நல்லது. சர்க்கரை போன இடத்தில் பனைவெல்லம் வந்து உட்கார்ந்தது. கூடவே அறிவுரையும் வந்தது.

மீட்டர் பெரும்பாலும் வாசல் நடையில் இருக்கும். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் சமையற்கட்டு தெரியும். டோமினிக்கின் கை அட்டையில் எண்ணை எழுதும்போதே கண் உள்ளே போய்விடும்.

"இன்னா சார், இந்தத் தபா யூனிட்டு இப்படி ஏறிக்கினு போவுது?" என்று கேட்பாள் ரயிலடிப் பக்கத்துத் தையல்நாயகி.

"கலர் பாட்டில வாங்கி பிரிட்ஜுல அடுக்கினா யூனிட்டும் ஏறும், ஒடம்பும் ஏறும். எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு உப்பு போட்டுக் குடி. மோரக் கரைச்சு வை. டீக்குப் பதிலா பனைவெல்லம் போட்டு சுக்குமல்லிக் காபி காய்ச்சு. புள்ளைங்களுக்கு மல்லாட்டைக் கடலைய எண்ணெயில வறுக்காம வேகவச்சுக் குடு."

"யூனிட்டு கொறைய வழி கேட்டா வயிறு கொறைய வழி சொல்றீங்களே சார்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பெண்கள் கிண்டல் செய்தார்கள், ஆனால் சொன்னபடி செய்யவும் செய்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. வெயிலில் வந்த மனிதரை ஒன்றும் குடிக்கக் கொடுக்காமல் எந்தத் தெருவிலும் அனுப்ப மாட்டார்கள். முன்பெல்லாம் டீ வேண்டாமென்று சொல்லித் தப்பித்துவிடுவார். இப்போது அவர் சொன்ன அதே சுக்குமல்லிக் காபி, அவர் சொன்ன அதே பனைவெல்லம் போட்டு, அவருக்காகவே ஒரு கட்டி கூடுதலாகப் போட்டு வந்தது. தன் பேச்சைக் கேட்ட வீட்டில் வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மல்லி சேர்க்கலாம் என்று யோசனையும் சொன்னார்.

இப்படியே பதிமூன்று வருஷம். 2009இல் டோமினிக் இளைக்கத் தொடங்கினார். தெருவே அதைப் பாராட்டியது. "சாரப் பாரு, காலேஜு பையனாட்டம் ஆயிட்டாரு" என்றார்கள். அக்னஸ் மட்டும் பாராட்டவில்லை. பெல்ட்டில் அவர் ஆணியால் போட்டுக்கொண்ட இரண்டு புது ஓட்டைகளைப் பார்த்தாள். தண்ணீர்க் குடம் மத்தியானத்துக்குள் காலியாவதைப் பார்த்தாள். செருப்புக் கடித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கினு வந்துடலாங்க. எங்கப்பாவுக்கு இப்படித்தான் புண்ணுல ஆரம்பிச்சு வெரல எடுத்தாங்க."

"இந்த ஊர்ல எந்த லேபுக்குப் போனாலும் அது நான் ரீடிங் எடுக்கற லேபு. ஈ.பி. சாருக்கே சக்கரையான்னு சாயங்காலத்துக்குள்ள பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடும். அப்புறம் எவ என் பேச்சக் கேப்பா?"

"பேச்சு இருக்கட்டும். வூடு வூடாப் போறதுக்குக் காலு வேணுமில்ல?"

அடுத்த திங்கட்கிழமை, ஒரு ஞானஸ்நானத்துக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் எடுத்த சர்க்கரை முந்நூற்று நாற்பது. டாக்டர் இளம்பெண். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். டோமினிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேப்பைக் கூழு, கீரை, மோரு. சக்கரையத் தொட்டு பதிமூணு வருஷமாவுதுங்க. பனைவெல்லம்தான்."

"அது எவ்வளவு?"

"வூட்டுக்கு ஒரு டம்ளரு, சுக்குமல்லில."

"எத்தினி வூடுன்னு கேளுங்க டாக்டர்" என்றாள் அக்னஸ்.

"எல்லா வூட்லயும் இல்ல. ஒரு இருவது, இருவத்தஞ்சு..."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். கீரையும் மோரும் நல்லது, கூழுக்கும் அளவு உண்டு, ஆனால் பனைவெல்லமும் இனிப்புதான், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்று பொறுமையாகச் சொன்னார். மாத்திரை எழுதினார். புண்ணுக்கு மருந்து கட்டி அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை டோமினிக் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வெக்கமா இருக்குது, அக்னசு."

"வெக்கப்பட்டுக்கினே போய் எல்லாருக்கும் சொல்லுங்க. தையல்நாயகி வூட்டுக்காரருக்கும் சக்கர இருக்குது. நீங்க சொன்னீங்கன்னு அந்த மனுஷனுக்கு மூணு வேளையும் வெல்லம் போட்ட சுக்குமல்லியத்தான் காய்ச்சிக் குடுக்கறா."



மே மாதத்து ரீடிங் வந்தபோது புண் காய்ந்திருந்தது. தையல்நாயகி வழக்கம்போல் ஆவி பறக்கும் டம்ளரோடு வந்தாள்.

"எடுத்துக்கினு போம்மா. எனக்கு சக்கர வந்துடுச்சு. உங்க வூட்டுக்காரருக்கும் இதக் குடுக்காத, டாக்டரப் பாக்கச் சொல்லு. நான் சொன்னது தப்பு."

"அப்ப பழையபடி வெள்ளச் சக்கரையே போட்டுடட்டுமா சார்?"

"ரெண்டும் வேணாம்மா. வெறும் சுக்கு, மல்லி."

"அத எவன் குடிப்பான்?"

"கொண்டா, நான் குடிக்கறேன்."

அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பார்த்தார், முடியவில்லை. தையல்நாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பதினெட்டு வீடுகளில் அதையே சொன்னார். சிலர் பரிதாபப்பட்டார்கள். ஒருத்தி மட்டும், "ஒரு பானை வெல்லம் வாங்கி வச்சிருக்கேன், நீங்களே தூக்கிக்கினு போங்க" என்று கத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்னஸ் இனிப்பில்லாத சுக்கு நீரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"இன்னைக்குப் பதினெட்டு வூடு. மீதி நாளைக்கு."

"தையல்நாயகிகிட்ட?"

"மொதல்ல அவகிட்டத்தான்."

அப்பாடா என்று அக்னஸின் தோள்கள் இறங்கின. டோமினிக் கடைசி மடக்கைக் கண்ணை மூடி விழுங்கினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பஸ் ஸ்டாண்டுல பண்ருட்டிப் பலாப்பழம் வந்து எறங்கியிருக்குது. அது மரத்துலயே பழுக்கறது. வெல்லமாட்டம் யாரும் காய்ச்சறது இல்ல. ரெண்டே ரெண்டு சொளை. இன்னா சொல்ற?"

அக்னஸ் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.