மாமனாரைக் கத்தரித்த படம்

குமணன்சாவடியில் பிரியாணிக் கடை நடத்தும் நஜீருக்குக் காப்புரிமை மீது பக்தி வந்தது அடிபட்ட பிறகுதான். யாரோ எடுத்த பிரியாணிப் படத்தை இணையத்திலிருந்து இறக்கிக் கடையின் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டார்; படக்காரர் புகார் செய்தார்; இன்னொரு புகார் வந்தால் பக்கத்தையே மூடிவிடுவோம் என்று தளத்தார் எச்சரித்தார்கள். கல்யாண ஆர்டர்களில் பாதி அந்தப் பக்கம் வழியாகத்தான் வருகிறது.

அன்றிலிருந்து நஜீர் உரிம விதிகளைப் படிக்காமல் எதையும் பகிர்வதில்லை. பெருநாள் வாழ்த்தில் பிறை தெரிந்தால், அது யார் எடுத்த பிறை, வியாபாரத்துக்கு ஆகுமா, எடுத்தவர் பெயர் போட வேண்டுமா என்று துருவுவார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்பியவர்களிடம் ரோஜாவுக்கு அனுமதி உண்டா என்று விசாரித்தார். காலை வணக்கங்கள் நின்றுபோயின. அவரால் குடும்பத்துக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

வம்பே வேண்டாமென்று கடைசியில் சொந்த அண்டாவின் படத்தையே போட்டார். தம் உடைத்து மூடியைத் தூக்கிய நொடி, ஆவி பறக்கும் அருமையான படம். ஒரே குறை, அண்டா மாமியார் வீட்டுச் சீர். விளிம்பில் மாமனார் அமானுல்லாவின் பெயர் பொறித்திருந்தது. அடுத்தவர் பெயர் தெரியும் படம் ஆபத்து என்று அந்த ஓரத்தைக் கத்தரித்தார். மாமனாரைக் கத்தரித்ததில் சிறிது மனநிறைவும் இருந்திருக்கலாம்; சட்டம் அதைத் தடுக்கவில்லை.

மறுவாரமே பூந்தமல்லிக் கடை ஒன்று அந்தப் படத்தைத் தன்னுடையதாகப் போட்டுக்கொண்டு, நஜீர்தான் திருடன் என்று புகாரும் கொடுத்தது. கத்தரிக்காத முழுப் படத்தையும் எடுத்தவர் பெயரையும் அனுப்பச் சொன்னார்கள் தளத்தார்.

நஜீரின் போனில் முழுப் படம் இல்லை. அது மனைவி ராபியாவின் போனில் இருந்தது. எடுத்ததே அவள்தான், மூடியைத் தூக்கிப் பிடித்தது மட்டுமே நஜீர்.

ஊரார் பிறைக்கெல்லாம் அனுமதி தேடியவர் அடுப்படி வாசலில் போய் நின்று, பக்கம் மூடப்போகிறது, அந்தப் படத்தை அனுப்பு என்றார்.

ராபியா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க அத்தா பேரைக் கத்தரிச்சப்போ யாரைக் கேட்டீங்க?"

ராபியா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"போட்டோ எடுத்தது நானு. அண்டா எங்க ஊட்டுது. அதுல உங்களுது இன்னா கீது?"

"மூடி புடிச்ச கை," என்றார் நஜீர்.

அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு: முழுப் படத்தையே போட வேண்டும், அத்தா பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும், கீழே ராபியா பெயர் வர வேண்டும். கையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றாள்.

பக்கம் பிழைத்தது. இப்போது ஆர்டர் கொடுப்பவர்கள், "அமானுல்லா பாய் கடைதானே?" என்று கேட்கிறார்கள். பல்லைக் கடித்தபடி ஆமாம் என்று சொல்கிறார் நஜீர்.